ஒரு புள்ளிக் கணக்கு

உ

காரைக்குடி
ஆனி 20

அன்புள்ள மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நலம். உங்காத்தாளுக்கு முழங்கால் வலி முன்போலத்தான். கிணற்றடி மாமரம் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு மாலத்தீவு கொட்டேஷனையும், நீயே போட்ட எக்ஸெல் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். பட்டியல் நேர்த்தி. எங்கள் ஆபீசில் இருபது வருஷம் டிக்கெட் போட்ட பையன்கூட இப்படிக் கட்டம் கட்டமாகப் போட்டதில்லை. ஆனால் அதில் வரிக்கு ஒரு கட்டம் இல்லை, இத்தனை படித்தும். மேலே "பெரியவர் 1, இரவு 5, ஆகஸ்ட்" என்று இருக்கிறது. அதைப் பார்த்தேன். சரி.

முதலில் விலை. பா அட்டோல் (அட்டோல் என்றால் பவளத் தீவுக்கூட்டம்) தீவுக்காரன் ஒரு இரவுக்கு 900 டாலர் ப்ளஸ் ப்ளஸ் என்று கொடுத்திருக்கிறான். அந்த ப்ளஸ் ப்ளஸ்ஸில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 900க்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டால் 990. அந்த 990க்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. முன்பு 16 சதவீதம், 2025 ஜூலையிலிருந்து 17. ஆக ஒரு இரவு 1158 டாலர் 30 சென்ட். ஐந்து இரவுக்கு 5791.50. கிரீன் டாக்ஸ் தனி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தலைக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அது 60. சீப்ளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் விமானம், போக வர 550 என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். கூட்டினால் 6401.50.

தெற்கு மாலே அட்டோல்காரன் 1150 என்றதும் "இது ரொம்ப ஜாஸ்தி" என்று சிவப்பு அடித்திருக்கிறாய். அவனுடையது எல்லா வரியும் சேர்த்த விலை. ஐந்து இரவுக்கு 5750, ஸ்பீட் போட் 250, மொத்தம் 6000. இரவுக்கு 250 டாலர் அதிகமாகத் தெரிந்தவன் முடிவில் 401.50 குறைவு. இதோடு அவன் ராச்சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கிறான், மற்றவன் காலைப் பலகாரம் மட்டும். தீவில் வெளியே போய்ச் சாப்பிட வேறு கடை கிடையாது. ஒரு ராச்சாப்பாடு சாதாரணமாக நூறு டாலரைத் தாண்டும். இப்படிக் காலையும் ராத்திரியும் சாப்பாடு சேர்ந்த ஹாஃப் போர்டு என்றாலும் குடிக்கும் தண்ணீர் பாட்டில் அதில் சேருமா என்று எழுதிக் கேள். சில இடத்தில் பில்லில் தண்ணீரே ஒரு தொகை ஆகிவிடும்.

இன்னொன்று. இந்த விலை எல்லாம் வில்லாவுக்கு, ஆளுக்கு இல்லை. நம் கோயில் வரி மாதிரிதான். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தது ஒரு புள்ளி. ஒருவராகப் போனாலும் ஏறக்குறைய அதே தொகைதான் கேட்பான், காலைச் சாப்பாட்டுக்கு ஏதோ பத்திருபது கழிப்பான். இரண்டாவது ஆள் வந்தால் கூடுவது கிரீன் டாக்ஸ் 60, சீப்ளேன் அல்லது போட் காசு, சாப்பாடு, அவ்வளவுதான். கணக்குக்காகச் சொல்கிறேன்.

இப்போது வந்து சேரும் நேரம். உன் டிக்கெட் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி ராத்திரி பத்து மணி சுமாருக்கு மாலேயில் இறங்குகிறது. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயந்திரம் மூன்றரை நாலு மணிக்குப் பிறகு வந்து இறங்குகிறவனுக்கு அன்றைக்கு சீப்ளேன் இல்லை. நீ விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஓர் ஓட்டலில் படுத்துக் காலையில் போக வேண்டும். 1158 டாலர் கொடுத்த முதல் ராத்திரி வீண். காலையிலும் இத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் ராத்திரிதான் நேரம் போடுவார்கள். அந்தப் பக்கம் போகிற நாலு ரிசார்ட் ஆட்களையும் சேர்த்து ஏற்றி ஒவ்வொரு தீவாக இறக்கிக்கொண்டு போவான். ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம், பதினைந்து பேர் உட்காரலாம், பைலட் செருப்பில்லாமல் ஓட்டுவான். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மேலே போனால் கிலோவுக்குக் காசு. திரும்பும்போதும் இதே கதை. காலை விமானம் என்றால் முந்தின நாளே தீவை விட்டு வர வேண்டியிருக்கும். ஸ்பீட் போட் என்றால் ராத்திரி எத்தனை மணிக்கும் வந்து கூட்டிப்போவான். ஆகஸ்ட் கடலில் தூக்கித் தூக்கிப் போடும், பின் வரிசையில் உட்கார். முன்னால் உட்கார்ந்தால் முதுகு போய்விடும்.

நீ பா அட்டோலுக்கு ஆசைப்படுவது ஏன் என்று தெரிகிறது. தப்பில்லை. 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம். ஹனிஃபாரு விரிகுடாவில் மே முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். தென்மேற்குக் காற்றும் அமாவாசை பௌர்ணமி ஓதமும் சேர்ந்து மிதவை உயிரிகளை அந்தச் சின்னக் குடாவுக்குள் தள்ளி அடைக்கும், அதைத் தின்ன வரும். அங்கே சிலிண்டர் கட்டி முங்க அனுமதி இல்லை. மேலே மிதந்து பார்க்கலாம், வழிகாட்டியோடு, 45 நிமிஷம். அதனால் போவதானால் தேதியை அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வை. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரிசார்ட் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று உங்காத்தாள் சிரிக்கிறாள்.

தீவைப் படத்தில் பார்க்காதே. எல்லாப் படமும் ஒரே நீலம். கூகுள் மேப்பில் சாட்டிலைட் வைத்துப் பார். கரையைச் சுற்றி வெகுதூரம் வெளிர் நீலமாக இருந்தால் அது லகூன், அடியில் மணல், இடுப்பளவு தண்ணீர், நீந்தலாம், மீன் அதிகம் இருக்காது. கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கருநீலக் கோடு தெரிந்தால் அது பவளப்பாறையின் விளிம்பு. அதற்கு அப்பால் கடல் திடீரென்று இருபது முப்பது மீட்டர் இறங்கிவிடும். மீன் பார்க்க அருமை, நீரோட்டமும் அங்கேதான். பா அட்டோல்காரனுடையது இரண்டாவது வகை. மாலேக்காரனுடையது முதல் வகை. இரண்டும் ஒரே தீவில் கிடைப்பது அபூர்வம். பாறை உயிரோடு இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். 1998, 2016, 2024 என்று மூன்று முறை கடல் சூடேறிப் பவளம் வெளுத்திருக்கிறது. இந்த வருஷம் எடுத்த படத்தை அனுப்பச் சொல்.

இரண்டு இடத்திலும் நீ தண்ணீர் வில்லாவுக்கு டிக் அடித்திருக்கிறாய். அது வேண்டாம். மணல் பக்கத்து வில்லா எடு. ஆகஸ்டில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ராத்திரி முழுக்கப் பலகைக்கு அடியில் அலை மோதும், தூங்க முடியாது. சாப்பிடப் போக ஐந்து நிமிஷம் மழையில் பாலத்தில் நடக்க வேண்டும். முற்றத்தின் ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிக் கம்பிகூடக் கிடையாது, படி நேரே கடலுக்குள் இறங்கும். மணல் வில்லாவில் கொசு உண்டு, மருந்து தடவிக்கொண்டால் போச்சு. பக்கத்து வில்லாவில் ஆள் நடமாட்டம் இருக்கும். கிழக்குப் பக்கமாகக் கேள். "சன்செட் வில்லா" என்று மேற்குப் பக்கத்துக்கு அதிகம் வாங்குவான், ஆகஸ்டில் அந்தப் பக்கம்தான் காற்று, அலை, கரை அரிப்பு, ஒதுங்கும் பாசி எல்லாம். கிழக்கில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், காசும் குறைவு.

தனியாகக் கடலில் இறங்காதே. டைவ் சென்டரில் சொன்னால் ஆள் அனுப்புவார்கள், கூச்சப்படாதே. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாக நகர வேண்டும். ஊருணியில் நீச்சல் கற்றவளுக்கு ஓட்டத் தண்ணீர் பழக்கமில்லை. சாயந்திரத்துக்குப் பிறகு இறங்கவே இறங்காதே. மணல் பக்கத்து வில்லா.

சின்னச் சின்ன விஷயங்கள். விமானம் ஏறுவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். காசு கேட்கும் தளம் எல்லாம் போலி. உங்காத்தாள் கொடுத்த வெள்ளிப் பிள்ளையாரை எடுத்துப் போகாதே. வழிபாட்டுச் சிலையை அங்கே சுங்கத்தில் விட மாட்டார்கள். டியூட்டி ஃப்ரீ பாட்டிலும் அப்படித்தான், வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் கொடுப்பார்கள். மாலே நேரம் சிங்கப்பூருக்கு மூன்று மணி பின்னால். பல ரிசார்ட் தனக்கென்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ளும், ஆகவே புறப்படும் நேரம் சொன்னால் எந்தக் கடிகாரம் என்று கேட்டுக்கொள்.

ரத்து செய்யக்கூடிய ரேட்டாகப் போடு. பத்துப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்று திருப்பித் தராத ரேட்டைக் காட்டுவான், மயங்காதே. பெயர் சேர்க்கவோ தேதி மாற்றவோ வேண்டியிருக்கலாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிடலாம். இரண்டாவது ஆளுக்கு என்ன கூடும் என்று மேலே எழுதியிருக்கிறேன், பார். பெரிய தொகை இல்லை.

நீ ஆபீசில் முப்பது பேரை வேலை வாங்குகிறவள். உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் மூன்று வாரமாகப் போனில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" தவிர வேறு பேச்சில்லை. உங்காத்தாள் கேட்டால் வேலை அதிகம் என்கிறேன். ரங்கூனிலிருந்து ஐயா எழுதிய கடுதாசி எல்லாம் பெட்டகத்தில் இருக்கிறது, முக்கால்வாசி வட்டிக் கணக்கு. படித்துவிட்டு அப்பத்தா அழுவாளாம். கணக்கில் என்ன அழுகை என்று நான் நினைத்ததுண்டு.

சித்திரையில் நீ வந்திருந்தபோது, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, வளவுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாய். "அப்பச்சி, உங்ககிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்தாய். போன் அடித்தது. யாரோ தேதி மாற்றக் கேட்டார்கள், மறுநாள் பார்த்திருக்கலாம். நான் எடுத்து அரை மணி நேரம் பேசினேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்டுவிட்டால் அடுத்து நான் ஏதாவது செய்ய வேண்டும். சம்பந்தி வீட்டில் பேச வேண்டும், பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் போனை வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது உன் டம்ளர் மட்டும் ஆத்தங்குடிக் கல்லில் வட்டமாக ஈரம் விட்டுக்கொண்டு இருந்தது.

தெற்கு மாலேயே போட்டுவிடு. ராத்திரி வந்தாலும் சிக்கலில்லை, ஆஸ்பத்திரி பக்கம். வெள்ளிக்கிழமைவரை ரேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம், மணல் வில்லா, ரத்து செய்யும் ரேட், மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கு.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் சிங்கப்பூருக்கு நேரே போடாதே. மாலேயிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம், கொழும்பிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம். பெட்டியைக் கடைசிவரை செக்இன் செய்யச் சொல். நாலு நாள் இருந்துவிட்டுத் திருச்சியிலிருந்தே நேராகச் சிங்கப்பூர் போகலாம். காசு கொஞ்சம் கூடும், அதை நான் கட்டிக்கொள்கிறேன். காரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவேன், இறங்கினதும் கூப்பிட்டுப் பார்த்துத் தேடாதே. வாசலிலேயே நிற்பேன்.

அப்பச்சி