ஷட்டரை இறக்குவது வேறு, கரை உடைவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், செல்லின் சுவாசத்தைக் குலைக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததே பாராட்டுக்குரியது. ஆயினும், நைட்ரிக் ஆக்சைடையும் பெராக்சிநைட்ரைட்டையும் 'நச்சு' என்ற ஒரே சொல்லில் அடக்கியதும், பழியை வயலில் தூவும் யூரியாவின் தலையில் ஏற்றியதும் சரியல்ல என்பதை, கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

நாம் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் நீராக மாறுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கும் சுவாசச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நான்காம் நொதித்தொகுதியில். அங்கே ஆக்சிஜன் அமர வேண்டிய இரும்பு–தாமிர மையத்தில் நைட்ரிக் ஆக்சைடு முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். 1994இல் கை பிரவுன் (Guy Brown), கிறிஸ் கூப்பர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் எலி மூளையின் நரம்பு முனைகளில் இதை அளந்து காட்டினார்கள். ஆக்சிஜன் சுமார் 145 மைக்ரோமோலார் இருந்தபோது சுவாசத்தைப் பாதியாக்க 270 நானோமோலார் நைட்ரிக் ஆக்சைடு தேவைப்பட்டது (இவை செறிவின் அலகுகள்; ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). ஆக்சிஜன் 30 மைக்ரோமோலார் அளவுக்கு இறங்கியதும் 60 நானோமோலாரே போதுமானதாயிற்று. ஆக, இது இடத்துக்கான போட்டி. நைட்ரிக் ஆக்சைடு விலகிக்கொண்டால் நொதி பழையபடி வேலை செய்யும். எங்கள் வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்குவது போன்றதுதான். தூக்கிவிட்டால் தண்ணீர் ஓடும். இரத்தக் குழாயைத் தளர்த்தும் சைகையும் இதே மூலக்கூறுதான் என்று கண்டதற்காக 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டதையும் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

பெராக்சிநைட்ரைட்டின் போக்கு வேறு. சுவாசச் சங்கிலியிலிருந்து கசியும் எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பற்றிச் சூப்பராக்சைடு உண்டாகிறது. அதை அகற்றவென்றே ஒரு நொதி இருந்தும், அந்த நொதியைவிட வேகமாக நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். அது, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சுழற்சியில் வேலை செய்யும் அகோனிடேஸ் என்னும் நொதியின் இரும்பு–கந்தகக் கொத்தைச் சிதைக்கும். சுவாசச் சங்கிலியின் முதலாம், இரண்டாம் தொகுதிகளை முடக்கும். சூப்பராக்சைடை அகற்றும் மாங்கனீசு நொதியின் 34ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் நைட்ரோ குழுவை ஒட்டி, காவல்காரனையே முதலில் கட்டிப்போட்டுவிடும். இதுதான் கரை உடைவது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஷட்டரை நெடுநேரம் இறக்கியே வைத்திருந்தால் மேலே தண்ணீர் தேங்கிக் கரையை அழுத்துவதைப் போல, நான்காம் தொகுதி நெடுநேரம் அடைபட்டால் எலக்ட்ரான்கள் பின்னால் தேங்கி, சூப்பராக்சைடு கூடி, பெராக்சிநைட்ரைட்டுக்கு வழிவிடும். கட்டுரையில் விடுபட்டுப்போனது இந்த இணைப்புதான்.

யூரியாவைப் பற்றிய பத்திக்கு வருகிறேன். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் யூரியாவிலிருந்து வேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அம்மோனியமே, நைட்ரிக் ஆக்சைடு அல்ல. கார்த்திகை மழையில் நான்கு நாள் மூழ்கிக் கிடந்த எங்கள் சம்பாவில் ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். செம்பழுப்பாக இருக்க வேண்டிய வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. அதுவும் நான்காம் தொகுதியைத்தான் தாக்கும். மூச்சு முட்டும் வேரில் மைட்டோகாண்ட்ரியாவே நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்குவதும் உண்டு. ஆனால் நெல்லுக்கு நமக்கில்லாத ஒரு வடிகால் இருக்கிறது: மாற்று ஆக்சிடேஸ் என்னும் அந்த நொதியை நைட்ரிக் ஆக்சைடோ சயனைடோ அடைப்பதில்லை, அந்த வழியில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மட்டும் குறைவாகக் கிடைக்கும்.

இறுதியாக, கிணற்று நீரின் நைட்ரேட்டால் கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதையும் இதே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வைத்திருப்பது மிகச் சரி. ஆனால் அங்கே கெடுவது மைட்டோகாண்ட்ரியாவின் நொதி அல்ல, ஹீமோகுளோபினின் இரும்பு. அடுத்த அறிவியல் பக்கத்தில் அந்தப் பத்தியையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
மன்னார்குடி.