டீகம்பைலரைத் தடுப்பதால் திருட்டு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருளைப் பிரித்துப் படிக்கும் டீகம்பைலர் கருவிகளையே தடை செய்ய வேண்டும் என்று, தன் மென்பொருளை நகலெடுத்து வேறொருவர் விற்றதால் நஷ்டப்பட்ட வாசகர் ஒருவர் சென்ற வாரம் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவர் பட்ட நஷ்டம் எனக்கும் நேர்ந்ததுதான். ஆனால் அவர் கேட்கும் தடை எங்களைப் போன்றவர்களுக்கே கெடுதல்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் எழுதி விற்கிறேன். நூல் நிட்டிங்குக்குப் போய், சாயப்பட்டறையில் எடை குறைந்து, துணியாகத் திரும்பும்வரை கிலோ கணக்கு வைப்பதும், சனிக்கிழமை பீஸ் ரேட் சம்பளம் போடுவதும் அதன் வேலை. போன வருடம் வேறு பெயரில், பாதி விலைக்கு ஒன்று வந்தது. ஒரே ஒரு கம்பெனி கேட்டதற்காக நான் எழுதிய 50 பைசா ரவுண்டிங் முறை அதிலும் அப்படியே இருந்தது.

மைக்ரோசாஃப்டின் டாட் நெட் என்ற தளத்தில் எழுதிய நிரல், கம்பைல் ஆன (கணினியில் இயங்கும் கோப்பாக மாற்றிய) பிறகும், முழு இயந்திர மொழியாக மாறாமல் ஓர் இடைநிலை மொழியில்தான் இருக்கும். ஃபங்ஷன்களுக்கு, அதாவது நிரலின் சிறு பகுதிகளுக்கு, நாம் வைத்த பெயர்களும் கூடவே போகும். ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் திறந்தால் படிக்கத்தக்க நிரலாகவே கிடைத்துவிடும். ஆப்ஃபஸ்கேட்டர் போட்டுப் பெயர்களைக் குழப்பினால் திருடுகிறவருக்கு வேலை கூடும், அவ்வளவுதான். நேரே இயந்திர மொழியாக மாறும் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதியதைப் பிரிப்பது இதைவிடக் கடினம். அதற்கும் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் கீட்ரா என்ற கருவியை இலவசமாக வெளியிட்டுவிட்டது. இவற்றை இந்தியாவில் மட்டும் எப்படித் தடுப்பது?

அந்த நகல் என்னுடையதுதான் என்று எனக்கு உறுதியானதும் இதே ஐஎல்ஸ்பையால்தான். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி நான் வைத்த ஃபங்ஷன் பெயர்கள் வரிசைகூட மாறாமல் அதில் கிடந்தன. கைரேகை வருகைப்பதிவு மெஷினை எங்கள் சம்பளக் கணக்கோடு இணைக்க வேண்டியிருந்தபோதும், விற்றவர் விவரம் தராததால், அதன் மென்பொருளைப் பிரித்துத்தான் பார்த்தோம். ஒரு நிரலை இன்னொன்றோடு இணைத்து இயக்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது இப்படிப் பார்ப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அனுமதி இருந்தே ஆக வேண்டும்.

புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்டது பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவேட்டில் இருப்பதை, தவறென்று யாரும் நிரூபிக்காதவரை, சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. பதிவு செய்வதில்தான் சிக்கல். 2021-இல் திருத்திய விதிப்படி மூலநிரலின் (நாம் கையால் எழுதிய நிரலின்) முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் தர வேண்டும். 20 பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் முழு நிரலையும் தர வேண்டும். ஒரு வரியைக்கூட மறைக்கக் கூடாது. சாயப்பட்டறை எடைக் கழிவுக்கு நான் தனியாக விற்கும் நிரல் 20 பக்கத்துக்குள் அடங்கிவிடும். பல வருட அனுபவத்தில் சேர்த்த கணக்கு முறை முழுவதும் அதில் இருக்கிறது. அதை எந்த மனதோடு எடுத்துக் கொடுப்பது? அமெரிக்காவில் வணிக ரகசியமான பகுதிகளைக் கறுப்படித்துத் தர அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் இடம் கொடுக்கிறது. அந்த வசதி இங்கேயும் வேண்டும்.

வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் கிடையாது. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தனது 289-ஆவது அறிக்கையில் அதற்கான வரைவு மசோதாவையே கொடுத்திருக்கிறது. அதைச் சட்டமாக்குங்கள் என்றும், பதிவு விதியில் மறைக்க இடம் கொடுங்கள் என்றும் சிறுதொழில் சங்கங்கள் மத்திய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைக்கு எழுத வேண்டும். பதிப்புரிமை அலுவலகம் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது.

இப்படிக்கு,
சிறு மென்பொருள் நிறுவன உரிமையாளர்,
திருப்பூர்.