தள்ளுவண்டி அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி

பாப்பா வீட்டுக்கு வந்தாச்சுங்க. குதிகால்ல குத்திக் குத்திப் பார்த்த சுகர் எல்லாம் இப்போ நார்மல், பால் நல்லா குடிக்கிறா, எங்களுக்குத்தான் தூக்கம் இல்ல. மாசமா இருக்கும்போது எனக்கு சுகர் வந்து என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத தெம்பு இல்ல. நன்றி மட்டும் சொல்லிடறேன்.

முதல்ல காட்பாடி ரோட்டுல லேப் பக்கத்துல டிபன் வண்டி போட்டிருக்கிற அக்காவுக்கு. அவங்க போன்ல இதெல்லாம் பார்க்க மாட்டாங்க, யாராவது அந்தப் பக்கம் போனா படிச்சுக் காட்டுங்க. சுகர் டெஸ்ட்டுக்குப் போனவங்களுக்குத் தெரியும், வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை, அதுவும் சாப்பிட்டு முடிச்சதுல இருந்து இல்ல, முதல் வாய் வெச்சதுல இருந்து கணக்கு. நான் வண்டிகிட்ட போய் ரெண்டு இட்லி போதும்கான்னு நின்னேன். கையில ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாங்க, வயித்தைப் பார்த்தாங்க, "சுகரா கண்ணு?" அவ்ளோதான். உங்க வீட்ல யாருக்கு கீது, ஸ்வீட்டு நிறைய துன்னியான்னு ஒரு கேள்வி கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க, பார்சல் கட்டற பேப்பரை ஓரமா கிழிச்சு கணக்கு எழுதற பேனால 7.40ன்னு எழுதிக் குடுத்து, "9.40க்கு போய் ரத்தம் குடு, பேசிகினே மறந்துடுவே"ன்னாங்க.

அடுத்த டெஸ்ட் எப்போன்னும் கேட்டு வெச்சுக்கிட்டாங்க போல, அன்னைக்குப் போனா பச்சைப்பயிறு ஊற வெச்சு அரைச்ச அடை ரெண்டு, தொட்டுக்க முள்ளு கத்திரிக்கா கொத்சு. வண்டில போடற அயிட்டமே இல்ல அது. ரிசல்ட் இருக்க வேண்டிய 120க்குள்ள வந்துச்சு, எனக்கு தலைகால் புரியல. காசு வாங்கிக்கிட்டாங்க, ரெண்டு இட்லிக்கு உண்டான காசு. சும்மா குடுத்திருந்தா எனக்குக் கூச்சமா போயிருக்கும், அது எப்படியோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்சுலின் போடணும்னு சொன்ன அன்னைக்கு அந்த வண்டி பின்னாடிதான் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா பொறுமையாதான் சொன்னாங்க, நஞ்சுக்கொடில சுரக்கிற ஹார்மோன் உன் இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடல, ஊசில போடறது குழந்தைக்குப் போகாது, உன் ரத்தத்துல ஏறி கிடக்கிற சர்க்கரைதான் போகும்னு. காதுல விழுந்துச்சு, மனசுல ஏறல. அக்கா தோசையைத் திருப்பிகினே, "ஊசி உனுக்குதானே, கொழந்தைக்கு இல்லியே, இன்னாத்துக்கு அழுவுற, கண்ண தொடச்சிகினு துன்னு, மணி ஓடிகினு கீது"ன்னாங்க. டாக்டரம்மா சொன்னதேதான், ஆனா அப்போதான் உள்ள போச்சு.

மத்தவங்களை எல்லாம் ஒரே மூச்சுல சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி பூரா பாப்பா பக்கத்துலயே நின்ன நர்ஸ் அக்காங்க, எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணன், சாப்பிட்டதும் கையைப் புடிச்சு நடக்க வெச்ச நாத்தனார், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் பொண்ணுங்க, வளைகாப்புக்கு வந்த ஆற்காடு மக்கன் பேடா பூரா என் கண்ணுல படாம தெருவுக்கே பங்கு போட்ட மாமியார், எனக்காக ஆம்பூர் பிரியாணியை விட்டுட்டேன்னு சொன்ன வீட்டுக்காரர் (சட்டைல வாசனை வந்தது வேற விஷயம்). ரெண்டு பேருக்கு சேர்த்து சாப்பிடுன்னவங்களுக்கும் எதையும் தொடாதேன்னவங்களுக்கும்கூட நன்றி, பாசத்துலதான் சொன்னீங்க.

ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். பிரசவம் ஆனதும் சுகர் போயிடுச்சுன்னு முக்கால்வாசி பேர் அந்தப் பக்கமே போறதில்ல, ஆனா 6 வாரத்துல இருந்து 12 வாரத்துக்குள்ள 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடிச்சு திரும்பவும் பார்க்கச் சொல்லியிருக்காங்க, பின்னாடி நிரந்தரமா வர வாய்ப்பு நமக்கு ஜாஸ்தியாம், அதனால நான் கண்டிப்பா போவேன். முடிஞ்சதும் நேரா அக்கா வண்டிக்குத்தான், பாப்பாவைக் காமிச்சுட்டு அந்த அடைக்கு உண்டான பாக்கியைக் குடுக்கணும். வாங்க மாட்டாங்கன்னு தெரியும், அதுக்குத்தான் மாமியாரைக் கூட்டிட்டுப் போறேன், அவங்க நீட்டினா இந்த ஊர்ல யாரும் வேணாம்னு சொன்னதில்ல.