கையால் போகிற வரை கையாலேயே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பிடித்திருந்த கீழ் போல்ட்டின் மரைக்குள் வெள்ளிக் கம்பி மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டு வந்திருக்கிறதே, அது அழுக்கு இல்லை அம்மா. அலுமினிய பிராக்கெட்டில் இருந்த மரைதான் அப்படியே உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்று நீ சொன்னதற்குக் காரணம் இதுதான்.

டெஃப்லான் டேப் சுற்றிப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது குழாயில் கசிவை அடைக்கிற பொருள், பாரம் தாங்காது. போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்த மாதிரி. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் அசையாமல் சேர்த்து வைத்திருக்கிறது. ஓட்டைக்குள் பிடிமானம் இல்லாவிட்டால் அந்த இழுப்பே வராது. சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதே. பெல்ட் தளர்ந்து கழன்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது என்பதோடு முடியாது. பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கியர்பாக்ஸ் உறையில் 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைப் போட்டேன். தடிமன் சரி, நீளம் சரி. ஆனால் அந்த ஓட்டையின் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 1.5 மில்லிமீட்டர், என் கையில் இருந்த போல்ட்டின் பிட்ச் 1.25. மூன்று சுற்று போனதும் இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்கினேன். வெண்ணெயை அறுத்த மாதிரி போனது. அந்த உறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்த போல்ட்டாக இருந்தாலும் முதல் நான்கைந்து சுற்றை விரலால்தான் போடுகிறேன். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பு. மரையின் வாய் ஒன்றோடு ஒன்று பொருந்தும்போது ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அப்புறம் வலப்பக்கம் திருப்பு.

புதிய போல்ட் வாங்கும்போது தலையின் அளவைச் சொல்லிக் கேட்காதே. ‘13ஆம் நம்பர் போல்ட்’ என்றால் அது ஸ்பேனரின் அளவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கே சிலவற்றில் 13, சிலவற்றில் 12 ஸ்பேனர் வரும். மரையின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்துத் தடிமனை அள, 8-ஐவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அது எம்8. பிட்சுக்கு, பிட்ச் கேஜ் என்கிற பல் வைத்த சீப்பை மரைமேல் வைத்து வெளிச்சத்தில் பார், இடைவெளியே தெரியக் கூடாது. எம்8-இல் சாதாரணமாக 1.25 இருக்கும், நெருக்கமான மரை என்றால் 1.0. நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும்.

தலைமேல் இருக்கும் எண்ணையும் பார். 8.8 என்றால் முதல் 8 இழுவை வலிமை, அதாவது அறுந்துபோகாமல் தாங்கும் அளவு, 800 மெகாபாஸ்கல் என்று சொல்கிறது. புள்ளிக்குப் பிறகு வரும் 8, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்று சொல்கிறது. 10.9 அதைவிட வலுவானது. பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்கு. எண்ணே இல்லாத போல்ட்டையும், பளபளப்பாக இருக்கிறது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டையும் எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதே. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் வலிமை 700தான்.

சரி, ஓட்டைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடு, ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பிறகு ஒரு மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அள. பழைய போல்ட் எட்டாத ஆழத்தில் நல்ல மரை மீதி இருந்தால், சற்று நீளமான போல்ட் ஒன்றே போதும். ஆனால் அதன் நுனி அடியில் முட்டக் கூடாது, குறைந்தது 2 மில்லிமீட்டர் இடம் விடு. முட்டிவிட்டால் கைக்கு நன்றாக இறுகியது போலத் தோன்றும், பாகமோ தளர்ந்தே கிடக்கும்.

மரை மீதி இல்லையென்றால் ஹெலிகாயில் போட வேண்டும். ஸ்டீல் கம்பியைச் சுருட்டிச் செய்த புதிய மரை அது. அலுமினியத்தில் இருந்த பழைய மரையைவிட நன்றாகவே தாங்கும், அதனால் ஒட்டுப்போட்ட வேலை என்று நினைக்காதே. எம்8-க்கு 12 மில்லிமீட்டர் நீளமுள்ள சுருளை (காயில்) எடு. கிட்டில் சொல்லியிருக்கும் டிரில்லையும் அதோடு வரும், மரை வெட்டும் டேப்பையும்தான் பயன்படுத்த வேண்டும். போல்ட்டைச் சுற்றி அந்தச் சுருள் உட்கார இடம் வேண்டும் என்பதால் அந்த டேப் சாதாரண எம்8 டேப்பைவிடப் பெரியது. முடிந்தால் பிராக்கெட்டைக் கழற்றி வைஸில் பிடித்துச் செய். டிரில் சாய்ந்தால் போல்ட்டும் சாயும். டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று எண்ணெய் விட்டுக்கொண்டே ஓட்டு. தூளை முழுக்க எடுத்துவிட்டு, காயிலின் முதல் சுற்று மேல்பரப்பைவிட அரை மரை உள்ளே இருக்கும்படி இறக்கு. கடைசியில் அடியில் இருக்கும் சின்ன வாலைத் தட்டி உடைத்து வெளியே எடு. எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சை வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவுக்கு வைத்து இறுக்கு. மரையில் கிரீஸ் தடவாதே, வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக நீண்டுவிடும்.

பிரேக் பக்கம் மரை போனால் மட்டும் இதையெல்லாம் முயலாதே, அந்தப் பாகத்தையே மாற்று. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று இரவு ஆழத்தை அளந்து எனக்கு அனுப்பு. டேப் ஓட்டும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டேப் சிக்கும்போது வருகிற கிறீச் சத்தம் எனக்குத் தெரியும், நிறுத்து என்றதும் நிறுத்திவிடு.

அன்புடன்,
அப்பா