சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு: எங்கள் வழக்கில் சமரசம் வேண்டாம்

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தும் பெண். 1987-ம் ஆண்டின் சட்டப்படி, எந்தப் பெண்ணும் வருமானக் கணக்குக் காட்டாமலேயே உங்களிடம் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் பற்றி உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. அதை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தின் பக்கம் தள்ளிவிட்டது. சரி, இருக்கட்டும். நான் உயில் எழுதாமல் செத்துப்போனால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் என் சொத்தைப் பெற்றோருக்குக் கொடுக்கும். அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு. வீட்டைவிட்டுத் துரத்தியவர்களாக இருந்தாலும் அவர்களுக்குத்தான். இருவரும் சேர்ந்து தவணை கட்டியிருந்தாலும், பத்திரம் என் பெயரில் இருந்தால் என் துணைவி அங்கே வெளியாள். இதைத் தடுக்க ஓர் உயில் போதும். முத்திரைத்தாள்கூட வேண்டாம், இரண்டு சாட்சிகள் இருந்தால் சரி. உறவைக் குடையாமல் எழுதித்தரும் வக்கீல் கிடைப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று, உயிலைப் போலப் பொறுத்திருக்க முடியாதது. பெண் வீட்டைவிட்டு வந்ததும் பெற்றோர் 'மகளைக் காணோம்' என்று புகார் கொடுப்பார்கள். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, நாலு பேர் பேசி, அவளை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் போன் எடுக்கமாட்டாள். அந்த நிலையில் முக்கியமான வழி ஆட்கொணர்வு மனு; அடைத்து வைக்கப்பட்டவளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடுவது. மனு விசாரணையில் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், அவள் மனதை மாற்ற கவுன்சலிங் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் உயர் நீதிமன்றம் வரை போக எத்தனை பேரால் முடியும்? தாலுகா அளவில் இருப்பது நீங்கள்தானே.

உங்கள் அலுவலகங்களின் பழக்கமே சமரசம்தான். ஜீவனாம்ச வழக்கில் அதனால் நல்லது நடக்கிறது, மறுக்கவில்லை. பூட்டிய அறையில் இருப்பவளுக்கு 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்றால், பூட்டியவர்களிடமே ஒப்படைப்பதாகத்தான் அர்த்தம்.

அதனால் அந்த நீதிமன்ற உத்தரவுகளைத் தமிழில் சுருக்கி, தாலுகாதோறும் உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பேனல் வக்கீலுக்கும் அனுப்புங்கள். உங்கள் சட்ட உதவி எண்ணான 15100-ல் போன் எடுப்பவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்ததை, ஸ்டேஷனுக்கு வரும் வக்கீல் எடுத்துக்காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த சட்ட விழிப்புணர்வு முகாமில், உயில் எழுதித்தர ஒரு மேசை போடுங்கள். நாங்கள் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
தென்மாவட்டத்திலிருந்து ஒருத்தி