அலாய் வீலுக்கு பெயிண்ட் அடிக்கும் முன்

அன்புள்ள கண்ணு,

புதுப்பேட்டையில் உன் காருக்குப் பழையதாக வாங்கிய நான்கு அலாய் வீலின் (அலுமினியக் கலவைச் சக்கரம்) படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கிறேன் என்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் அதற்கு முன் டயரைக் கழற்றச் சொல்லி, நன்றாகக் கழுவி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார். ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்திலும் நட்டுத் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த வீல் வேண்டாம். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. இந்த அலுமினியத்தைச் சூடு காட்டிப் பதப்படுத்தித்தான் வலு ஏற்றியிருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும். காசு போனால் போகட்டும், நீ ஓட்டுகிற வண்டி அது.

மூன்றாவது படத்தில் ஸ்போக் ஓரமாகப் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளையாகத் தெரிகிறதே, அது அழுக்கு இல்லை. கல் பட்டு லாக்கர், அதாவது மேல் பூச்சு, பெயர்ந்த இடத்தில் உப்பு ஈரம் இறங்கி, பூச்சுக்கு அடியிலேயே அலுமினியத்தை அரித்துக்கொண்டு போகிறது. அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். உப்பில் இருக்கும் குளோரைடு அதையே துளைத்துவிடும். நீ இருப்பதோ திருவான்மியூர் கடற்காற்றில். தடம் முடிகிற இடத்தையும் தாண்டி, நல்ல உலோகம் தெரியும் வரை தேய்த்து எடுக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால், அரிப்பு உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

சீக்கிரம் முடியும் என்று பாத்ரூம் ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ ஊற்றிவிடாதே. இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். அதன் துகள் பதிந்த இடத்தில் மறுபடி அரிக்கும். உப்புத்தாளில் 120-ம் நம்பரில் ஆரம்பித்து 240, பிறகு தண்ணீர் விட்டு 400, 600 வாட்டர் பேப்பர். நடைபாதைக் கல் உரசிய மேலோட்டமான கீறலுக்கு மட்டும் பட்டி பார்.

தேய்த்துக் காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அப்புறம் வெறுங்கையால் தொடாதே. அன்றைக்கே அலுமினியத்துக்கென்று விற்கிற பிரைமரை அடித்துவிடு. காலை வெயில் ஏறி ஈரப்பதம் குறைந்த நேரம் பார்த்து அடி. ஈரக் காற்றில், பெயிண்டுக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் வெளுத்துப்போகும். மெல்லிய கோட்டாகப் பல தடவை அடித்தால் வழியாது. ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் பளபளப்பாக இருக்கும், உழைக்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, மூச்சுக்குழாயைப் பாதிக்கும். சாதாரண முகமூடி போட்டுக்கொண்டு அபார்ட்மென்ட் பால்கனியில் அடிக்கிற சரக்கு இல்லை அது. உனக்குச் சாதாரண ஸ்ப்ரே கேன் போதும். சீக்கிரம் மங்கினால் மங்கட்டும், மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இதை மட்டும் மறக்காதே: வீல், வண்டியில் அது மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் சரிவிலும் பெயிண்ட் படக்கூடாது, மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. அங்கே பூச்சு தடிமனாக இருந்தால் ஓட ஓட நசுங்கி, நட்டின் பிடி தளரும். டயர் விளிம்பு உட்காரும் வளையத்தை அரிப்பு போகச் சுத்தம் செய், இல்லாவிட்டால் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு வாரமாவது காயவிட்டு டயர் போடு. வீல் அதிராமல் சுழல எடை வைத்துப் பேலன்சிங் செய்யும்போது தட்டி மாட்டுகிற எடை வேண்டாம், உள்பக்கம் ஒட்டுகிற எடை கேள். தட்டினால் விளிம்பில் லாக்கர் உடையும், அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (நட்டை முறுக்கும் விசை) அளவுக்கு நட்டுகளை மறுபடி சரிபார். கழுவுவது எப்போதும் வீல் ஆறிய பிறகு, கார் ஷாம்பூவில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு தேய்த்துவிடு.

முதல் வீலைத் தேய்த்து முடித்ததும் உள்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பிரைமர் அடிக்கலாம்.

அன்புடன்,
அப்பா