சொல் அகராதியில் இல்லையா, தேடிய எழுத்து தவறா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வட்டார நாவலைப் பாதியில் மூடிவைக்கிறவர்களிடம் காரணம் கேட்டால், "இணையத்தில் தேடிப் பார்த்தாச்சு, அந்தச் சொல்லே இல்லை" என்பதுதான் பெரும்பாலும் பதில். பல சமயம் சொல் இருக்கிறது. நாம் தட்டிய எழுத்தில் இல்லை, அவ்வளவே. கரிசல், கொங்கு, நாஞ்சில், நடுநாடு, யாழ்ப்பாணம் என்று எந்த மண்ணின் கதையாக இருந்தாலும் எழுத்தாளர் காதில் விழுந்ததை எழுதுகிறார். அகராதிக்காரர் எழுத்து வழக்கில் பதிந்து வைத்திருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடும் வேலையைக் கருவி செய்யாது. வாசகர்தான் செய்ய வேண்டும். அதற்கு உதவக்கூடிய சில நுணுக்கங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல இடம் கேட்கிறேன்.

முதலில் ஒலியைத் திருப்புவது. "வெறகு", "நெலம்", "கொடம்", "ஒலக்கை" என்று தேடினால் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். சொல் எகரத்திலோ ஒகரத்திலோ தொடங்கி, அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால், முதலெழுத்தை இகரமாகவோ உகரமாகவோ மாற்றிப் பாருங்கள்: விறகு, நிலம், குடம், உலக்கை வந்துவிடும். "த்த" கண்ட இடத்தில் "ற்ற" போடுங்கள்: காத்து காற்றாகும், நாத்து நாற்றாகும். "ச்சு" என்று முடியும் வினையை "த்து" என்றும், "ஞ்சு" என்பதை "ந்து" அல்லது "ய்ந்து" என்றும் மாற்றினால் அடிச்சு அடித்து ஆகும், மேஞ்சு மேய்ந்து ஆகும். கன்னு, மூணு என்பவை கன்று, மூன்று. கூட்டுச்சொற்கள்தாம் இன்னும் கொஞ்சம் படுத்தும். கம்மாய் கண்மாய் என்றும், மம்பட்டி மண்வெட்டி என்றும், பிஞ்சை புன்செய் என்றும் தெரிந்துவிட்டால் கரிசல் கதைகளில் பாதி வயல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. நெல்லை, குமரிக் கதைகளில் "கொடை" வந்தால் அதைக் குடை என்று திருப்பிவிடாதீர்கள். அது அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் திருவிழா. எனவே முதல் தேடல் எழுதியிருக்கிறபடியே இருக்கட்டும். திருப்பிய வடிவம் இரண்டாவது. இரண்டையும் அந்த வரியில் வைத்துப் படித்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேற்றுமை உருபும் வினை ஈறும். "வெஞ்சனத்துக்குக்கூட" என்று அப்படியே தட்டினால் ஒன்றும் கிடைக்காது. வாலை நறுக்கி "வெஞ்சனம்" என்று கொடுக்க வேண்டும். (சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, வடமொழி வியஞ்சனத்தின் மாற்று வடிவம்.) சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் வினைச்சொற்கள் "தல்", "த்தல்" என்ற ஈற்றோடு பதிவாகியிருக்கின்றன. ஆகவே "கதைச்சவை" (பேசினார்கள்) என்ற ஈழத்துச் சொல்லுக்கு அடி "கதை" என்று கண்டுபிடித்து, அங்கே "த்தல்" உள்ள பதிவைப் பார்க்க வேண்டும். நெல்லைக் கதைகளின் "சொல்லுதேன்", "வாராவ" போன்றவற்றுக்கு அகராதியே வேண்டாம். சொல்கிறேன், வருகிறார்கள் என்று ஒருமுறை பிடிபட்டால் கடைசிப் பக்கம் வரை அதே சாவிதான்.

அந்தப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னர் ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத் தளத்தில் அது முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம். பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது பொருளுக்குப் பக்கத்தில் உள்ள சுருக்கக் குறிகளை. "லோக்" (Loc.) என்று ஆங்கில எழுத்தில் நின்றால் அது வட்டார வழக்கு; "ஜே" (J.) என்ற ஒற்றை எழுத்து யாழ்ப்பாண வழக்கைக் காட்டும். ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருந்தால், உங்கள் நாவலுக்கு உரியது பெரும்பாலும் அந்தக் குறியோடு கீழே எங்கோ இருக்கும். முதல் பொருளோடு திரும்பிவிடுவதுதான் வழக்கமான பிழை. தலைச்சொல்லாகக் கிடைக்காதபோது அகராதியின் முழுப் பாடத்திலும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில வழக்குச் சொற்கள் வேறொரு சொல்லின் விளக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்.

அதே தளத்தில் வின்சுலோ அகராதியும் (1862) உண்டு. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தொகுப்பு வேலையின் மேல் எழுந்தது அது. எனவே ஈழத்துக் கதை படிக்கும்போது அதையும் ஒரு சன்னலில் திறந்து வைப்பது நல்லது. பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984) அங்கேயே இருக்கிறது. கரிசல் கதைகளில் தெலுங்கும், குமரிக் கதைகளில் மலையாளமும் கலந்து வரும் இடங்களில் இது கைகொடுக்கும்.

வட்டாரங்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகளை மறந்துவிட வேண்டாம். கி. ராஜநாராயணன் கரிசலுக்கு (1982), பெருமாள்முருகன் கொங்குக்கு, கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு, அ.கா. பெருமாள் நாஞ்சில் நாட்டுக்கு என்று தொகுத்தவை உள்ளன. "ஒரம்பரை" (விருந்தாக வந்த உறவினர்), "கட்டுத்தரை" (மாடு கட்டும் இடம்) போன்ற சொற்களோடு மல்லுக்கட்டும்போது இணையத்தில் அரை மணி நேரம் அலைவதைவிட மாவட்ட மைய நூலகத்தில் கொங்கு அகராதியைப் புரட்டுவது சீக்கிரம் முடியும்.

கூகுளில் தேடும்போது இரண்டு விஷயம். வழக்குச் சொல்லைத் தட்டினால் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொண்டு வேறு சொல்லுக்கு விடை காட்டும். சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். கைபேசி விசைப்பலகையும் இதே சேட்டையைச் செய்யும். ஜிபோர்டு வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் கரெக்‌ஷன் பகுதிக்குப் போய் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிட்டுத் தட்டவும். குரல் வழி உள்ளீடு வேண்டவே வேண்டாம். "வாராவ" என்று நீங்கள் சொன்னதை அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக்கிவிடும்.

இனி மின்னூல்கள். மதுரைத் திட்டம் 1998 முதலும், நூலகம் திட்டம் 2005 முதலும் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகின்றன. இரண்டாவது ஈழத்து எழுத்துக்கு ஒரு களஞ்சியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் நிறைய உண்டு. இறக்கிய கோப்பு எழுத்தா, படமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்தச் சொல் மட்டும் தேர்வானால் எழுத்து. ஒன்றும் ஆகாவிட்டால் படம். எழுத்தாகவே இருந்து, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை விழுகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றி அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவரும்.

படக் கோப்பாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கோப்பின் மேல் வலச் சொடுக்கி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். முழு நாவலையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். 2 எம்பிக்குள், சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பக்கம் நேராக நிற்க வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தது 10 பிக்சல் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தில் புத்தகத்தின் நடுமடிப்புப் பக்கம் வளைந்திருந்தால் ஒவ்வொரு வரியின் ஓரமும் சிதையும். வழக்கமாக வரும் பிழைகள்: "ர" காலாகும், கால் "ர" ஆகும், "மரம்" "மாம்" என்று நிற்கும், ன, ண இடம் மாறும், எகர ஏகாரம் குழம்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னாவும் அப்படியே. அந்த இடங்களில் கருவி தடுமாறும். வட்டார நாவலில் இது இரட்டைச் சிக்கல். சாதாரண உரைநடையில் பிழையான சொல்லைக் கண் தானாகத் திருத்திக்கொள்ளும். இங்கே அது பிழையா, வழக்கா என்றே தெரியாது. அகராதிக்குப் போகும் முன் மூலப் படத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளைப் பற்றி. "வந்துக்கிட்டிருந்தாம்பாரு" என்பதைப் பிரித்து "வந்துகொண்டிருந்தான், பார்" என்று காட்டுவதற்கும், அடிச்சொல்லை ஊகிப்பதற்கும் அவை உதவும். உழவுக் கருவி, மாட்டின் நிறம், சடங்கு, மீன்பிடி வலை ஆகியவற்றின் பெயர் என்று வந்துவிட்டால் எச்சரிக்கை தேவை. தெரியாத சொல்லுக்கும் தயங்காமல் ஒரு பொருள் சொல்லிவிடும். அது பொருத்தமாகவும் தோன்றும். தெரிந்த சொல் இன்னும் ஆபத்து. குமரிக் கதையில் ஒரு தாய் "வெள்ளம் கோரிட்டு வா" என்றால் தண்ணீர் இறைத்து வா என்று பொருள். இரண்டும் மலையாளத்தோடு பகிர்ந்துகொள்கிற சொற்கள். ஊர் தெரியாத கருவிக்கு அது பெருவெள்ளமும் கோரிக்கையுமாகத் தெரிய வாய்ப்புண்டு. எனவே தனிச்சொல்லைக் கேட்காதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு வரி கொடுத்து, கதை நடக்கும் வட்டாரத்தைச் சொல்லி, சாத்தியமான அடிச்சொற்களை மட்டும் கேளுங்கள். உறுதியில்லாவிட்டால் அப்படியே சொல்லும்படியும் சேர்த்துக் கேளுங்கள். வந்த பதிலை அகராதியில் பார்க்காமல் புத்தக ஓரத்தில் எழுதாதீர்கள்.

உறவுமுறைப் பெயர்களுக்கு எந்தக் கருவியும் சரிவராது. "அய்யா" ஓரிடத்தில் அப்பா, ஓரிடத்தில் தாத்தா. கொங்கில் அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. முதல் இரண்டு அத்தியாயம் படிக்கும்போதே ஒரு தாளில் யாருக்கு யார் என்ன முறை என்று கோடு போட்டு வைத்துக்கொள்வதே வழி. சொற்களையும் குறித்துவைக்க விரும்புகிறவர்கள் கூகுள் ஷீட்ஸில் சொல், வரி, பக்கம், வட்டாரம், எழுத்து வடிவம், பொருள், எங்கே கண்டது என்று ஏழு பத்தி போட்டால் போதும். எல்லாச் சொல்லையும் தேட வேண்டியதில்லை. மூன்றாவது முறை கண்ணில் பட்டும் புரியாத சொல்லை மட்டும் தேடுங்கள். மற்றவை கதைப்போக்கிலேயே விளங்கிவிடும்.

நாளிதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பழைய அச்சில் "ர்" என்பதற்குக் கீழ்க்கோடு கிடையாது. காலுக்கு மேல் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். அந்த வழக்கத்தில், ரகரத்துக்குப் பதிலாகக் காலும் புள்ளியும் சேர்த்து "அவா்" என்று உள்ளிடுவது இன்றும் பல தமிழ் இணையப் பக்கங்களில் தொடர்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். இதே கதைதான் ஔகாரத்திலும். "கௌதாரி" என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் வைத்து "கெளதாரி" என்று அடித்தால், ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது கிடைக்காது. எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழை (௭) அடிப்பதும் உண்டு. ஞாயிறு மலர்களில் வரும் வட்டாரக் கதைகள் இந்தப் பிழைகளோடு ஏறிவிட்டால் அந்தச் சொற்கள் இணையத்தில் இருந்தும் இல்லாதவைதான். பக்கத்தை வெளியிடும் முன் இந்த மூன்றையும் தேடி மாற்றிவிட அதிக நேரம் ஆகாது. தங்கள் இணையப் பிரிவு இதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிப்பகங்கள் மின்னூல்களைப் படக் கோப்பாக இல்லாமல் ஒருங்குறி எழுத்தாகவே தரட்டும். பின்னால் இரண்டு பக்கம் சொற்பொருள் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை